மொட்டை மாடியில் தொலைநோக்கி: எது வாங்கலாம், எந்த மென்பொருள் போதும்?

11 ஜனவரி 2025, வாசகர் கேள்வி

பையன் எட்டாம் வகுப்பு. கிரகங்களைப் பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறான். வீடு தாம்பரம் பக்கம், மொட்டை மாடி நம் கையில் இருக்கிறது. இணையக் கடையில் "525 மடங்கு" என்று போட்டு ஒரு தொலைநோக்கி மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா? இல்லை, இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து ஈக்வடோரியல் மவுண்ட் என்ற தாங்கி வைத்ததாக வாங்கலாமா? வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் அதைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். மென்பொருளுக்கும் தனியாகச் செலவு இருக்கிறதா?

12 ஜனவரி 2025

525 மடங்கு வேண்டாம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குழாயின் குவியத் தூரம் 700 மி.மீ. பெட்டிக்குள் 4 மி.மீ. ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லை, ஒன்று போட்டிருப்பார்கள். 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. கூடவே மூன்று மடங்கு பார்லோ என்று ஒரு பிளாஸ்டிக் குழல். 175-ஐ மூன்றால் பெருக்கினால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் அதன் கண்ணாடி விட்டம் 76 மி.மீ. தான். ஒரு மி.மீ. விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பதே மேல் வரம்பு, அதுவும் காற்று அசையாத இரவில். 150-ஐத் தாண்டினால் வியாழன் பெரிதாகும், மங்கலாகும், புதிதாக ஒரு கோடுகூடத் தெரியாது. முக்காலியோ அதைவிட மோசம். தொட்டால் ஆடும், விட்ட பிறகும் ஆடும்.

ஈக்வடோரியல் கதை பெரியது, நாளை எழுதுகிறேன். அதற்குள் ஒரு வேலை. செவ்வாய் இன்று பூமிக்கு மிக அருகில், சுமார் 9.6 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் பையனை மாடிக்குக் கூட்டிப் போய், புனர்பூச இரட்டையருக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதைக் காட்டுங்கள். அதற்குச் செலவு இல்லை.

13 ஜனவரி 2025

ஈக்வடோரியல் மவுண்ட்டின் தத்துவம் எளிது. அதன் ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்திவிட்டால், பிறகு அந்த ஓர் அச்சை மட்டும் மெதுவாகச் சுழற்றினால் போதும், நட்சத்திரம் பார்வையை விட்டு நகராது. அந்த அச்சு வான வடதுருவத்தைப் பார்க்க வேண்டும். துருவ நட்சத்திரத்தை அடையாளமாக வைத்துத்தான் அதைப் பிடிப்பார்கள்.

லண்டனில் வடதுருவம் 51 டிகிரி உயரத்தில் இருக்கிறது. சென்னையில் 13 டிகிரி. கையை நீட்டி முட்டியை மடக்கினால் ஒரு முட்டி சுமார் பத்து டிகிரி. ஆக, அடிவானத்திலிருந்து ஒன்றேகால் முட்டி உயரம். அந்த உயரத்தில் நம் ஊர் மாடியிலிருந்து என்ன தெரியும்? பக்கத்து அடுக்ககத்தின் தண்ணீர் டேங்க் தெரியும். அதற்கு மேல் புழுதி, ஈரம், தெருவிளக்கின் வெளிச்சம் எல்லாம் கலந்த பழுப்புத் திரை. துருவ நட்சத்திரம் ஒன்றும் பெரிய பிரகாசமும் இல்லை, இரண்டாம் அளவு நட்சத்திரம்தான்.

இயந்திரச் சிக்கல் தனி. அச்சை 13 டிகிரிக்குத் தாழ்த்தினால் அது ஏறக்குறைய படுத்துவிடுகிறது. எதிர் எடைகள் நேராகக் கீழே தொங்கி, பல மாதிரிகளில் முக்காலியின் காலில் இடிக்கும். நான் வைத்திருந்ததில் நடுவே ஒரு நீட்டுத் தூண் வாங்கிச் செருகித்தான் சமாளித்தேன். வீடியோவில் பேசுகிறவர் 45 டிகிரி அட்சரேகையில் நின்று பேசுகிறார். அவருக்கு இந்தத் தொல்லையே தெரியாது.

கண்ணால் பார்ப்பதற்குத்தான் என்றால் என் பதில் 150 மி.மீ. டாப்சோனியன். ஆறு அங்குலக் கண்ணாடி, 1200 மி.மீ. குவியத் தூரம். அடிப்பெட்டி திருகைக்கல் போலச் சுழலும், குழாய் மேலும் கீழும் சாயும், அவ்வளவுதான். துருவமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். ஜான் டாப்சன் என்பவர் கிடைத்த பலகை, அட்டைக் குழாய், கப்பல் சன்னல் கண்ணாடி என்று வைத்துப் பெரிய தொலைநோக்கிகள் செய்து, சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் நிறுத்திப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிய அமைப்பு இது. 1968-இல் அதற்கென்றே நடைபாதை வானியலாளர்கள் என்று ஒரு குழு தொடங்கினார்கள்.

15 ஜனவரி 2025

பொங்கல் அன்று யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. சுருக்கமாக.

மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லாரியம் இலவசம், திறந்த மூலம். ஃபேபியன் ஷெரோ என்ற பிரெஞ்சுக்காரர் 2000-இல் தொடங்கியது. கணினிப் பதிப்பையே போடுங்கள், கைபேசிப் பதிப்பைவிட வசதி அதிகம். நிலவுக்கு மட்டும் வர்ச்சுவல் மூன் அட்லஸ், அதுவும் இலவசம். லினக்ஸ்காரர்களுக்கு கேஸ்டார்ஸ்.

ஐபீஸ்: டாப்சோனியனுடன் 25 மி.மீ.யும் 10 மி.மீ.யும் வந்தால் 48 மடங்கும் 120 மடங்கும் கிடைக்கும். முதல் வருடத்துக்கு வேறு ஒன்றும் வாங்காதீர்கள்.

பைனாகுலர்: 10 பெருக்கல் 50, அதாவது பத்து மடங்கு, 50 மி.மீ. வில்லை. டெலஸ்கோப் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதை வாங்குங்கள்.

16 ஜனவரி 2025

கோவையிலிருந்து ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார். துருவ நட்சத்திரமே தெரியாத மாடியிலிருந்து அவர் ஈக்வடோரியலில் படம் எடுக்கிறாராம். 13-ஆம் தேதிக் குறிப்பைப் படித்தால் அது முடியாத காரியம் என்ற எண்ணம் வரும், ஆகவே விளக்கம்.

கேமராவும் லேப்டாப்பும் இருந்தால் முடியும். நீனா என்ற இலவச மென்பொருளில் மூன்று புள்ளித் துருவ ஒழுங்கு என்று ஒரு செருகுநிரல் இருக்கிறது. வானத்தில் தெரிகிற ஏதோ ஒரு பகுதியைப் படமெடுக்கும், மவுண்ட்டைக் கொஞ்சம் சுழற்றி மறுபடி எடுக்கும், இன்னொரு முறையும் எடுக்கும். ஒவ்வொரு படத்திலும் உள்ள நட்சத்திரங்களின் அமைப்பை வைத்து அது வானத்தின் எந்த இடம் என்று கண்டுபிடித்து, மூன்று இடங்களையும் கொண்டு மவுண்ட்டின் அச்சு எங்கே நிற்கிறது, எவ்வளவு திருக வேண்டும் என்று சொல்லிவிடும். கேஸ்டார்ஸில் உள்ள ஈகோஸ் பகுதியும் இதைச் செய்யும். ஷார்ப்கேப் என்ற படப்பதிவு மென்பொருளின் வழக்கமான கருவி நல்லதுதான், ஆனால் அதற்குத் துருவத்தின் சுற்றுப்புறம் தெரிந்தாக வேண்டும். நம் டேங்க் விடாது.

சரி, கோவைக்காரர் சொன்னது நியாயம். ஆனாலும் எட்டாம் வகுப்புப் பையனுக்கு மவுண்ட், கேமரா, லேப்டாப், மூன்று கேபிள், ஒரு பேட்டரி என்று தொடங்கி வைக்க எனக்கு மனம் இல்லை. வியாழனைப் பார்ப்பதற்குள் அவன் பத்தாம் வகுப்புப் போய்விடுவான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: "உங்களுக்காவது 13, எங்களுக்கு 9.7." நீங்கள் ஜெயித்தீர்கள் அண்ணே.

26 ஜனவரி 2025

வடக்கு எது என்று கேட்டவருக்கு. கைபேசித் திசைகாட்டியை மாடியில் நம்பாதீர்கள். கான்கிரீட்டுக்குள் கம்பி ஓடுகிறது, நான்கு அடி தள்ளி நின்றால் வடக்கு வேறு பக்கம் காட்டும். நிழல்தான் உத்தமம். ஒரு நூலில் எடை கட்டித் தொங்கவிடுங்கள். சூரியன் அன்றைக்கு மிக உயரத்துக்கு வந்து உச்சக்கோட்டைக் கடக்கும் நொடியில் அந்த நூலின் நிழல் விழும் கோடு சரியான தெற்கு வடக்கு. சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டால் பிறகு அந்தக் கவலையே இல்லை.

அந்த நொடி 12 மணி கிடையாது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது, சென்னை 80.3-இல் இருக்கிறது. அதனால் சராசரியாக ஒன்பது நிமிடம் தாமதம். அதோடு வருடத்துக்குள் சூரியனே முன்னும் பின்னும் போகும். பிப்ரவரி நடுவில் 12.23-க்குக் கடக்கும், நவம்பர் தொடக்கத்தில் 11.52-க்கே கடந்துவிடும். ஸ்டெல்லாரியத்தில் சூரியனைச் சொடுக்கினால் அன்றைய நேரத்தைக் காட்டும்.

ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று சென்னையில் சூரியன் நேர் உச்சியில், நிழலே விழாது.

27 ஜனவரி 2025

சூரியன் பேச்சு வந்ததால். மலிவான தொலைநோக்கிப் பெட்டிகளில் ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று, "சன்" என்று எழுதி வரும். அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெயில் நேராக அதன் மேல் விழுகிறது, சூட்டில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரியனுக்கான வடிப்பான் குழாயின் முன்வாயை முழுக்க மூட வேண்டும், அதற்கென்றே விற்கும் சூரியத் தாளில் செய்ததாக இருக்க வேண்டும். ஃபைண்டர் என்ற சின்னத் துணைக் குழாயையும் மூடுங்கள். பையன் தனியாக இருக்கும்போது பகலில் குழாய் மாடியில் நிற்கவே கூடாது.

9 பிப்ரவரி 2025

கேள்வி கேட்டவர் ஆறு அங்குல டாப்சோனியனுக்குச் சொல்லிவிட்டாராம். வருவதற்குள் ஒரு வேலை: உங்கள் மாடியை ஸ்டெல்லாரியத்துக்குள் வையுங்கள்.

மாடியின் நடுவில் நின்று சுற்றிலும் உள்ள கட்டடம், மரம், டேங்க் ஒவ்வொன்றும் எந்தத் திசைக்கோணத்தில், எவ்வளவு உயரக்கோணம் வரை மறைக்கிறது என்று குறியுங்கள். முட்டிக் கணக்கே போதும். அதை ஒரு சாதாரண உரைக்கோப்பில் வரிக்கு ஓர் இணையாக எழுதி, நிலக்காட்சிக் கோப்புறையில் பலகோண வகை என்று சேர்த்துவிட்டால் உங்கள் வீட்டு அடிவானம் திரையில் வந்துவிடும். கைபேசியில் பனோரமா எடுத்து, வானத்தை அழித்துவிட்டு, அந்தப் படத்தையே போடுகிறவர்களும் உண்டு. அழகாக இருக்கும், ஆனால் வேலை அதிகம்.

பிறகு அது தரும் சுகம் தனி. சனி எத்தனை மணிக்கு எதிர்வீட்டு மாமரத்தை விட்டு வெளியே வரும் என்று சாப்பிடும்போதே தெரிந்துவிடும். நான் மென்பொருளில் செய்த வேலைகளிலேயே அதிகம் பயன்பட்டது இதுதான்.

2 மார்ச் 2025

இப்போது என் மச்சானின் ஸ்மார்ட் டெலஸ்கோப் புராணம். அவர் வாங்கியது சீஸ்டார் எஸ் 50. ஒரு மாதம் என்னிடம் விட்டுவைத்திருந்தார், சொல்ல விஷயம் இருக்கிறது.

50 மி.மீ. வில்லை, 250 மி.மீ. குவியத் தூரம், உள்ளேயே கேமரா, மோட்டார், கணினி எல்லாம். எடை இரண்டரை கிலோ. ஐபீஸ் கிடையாது, கைபேசியில்தான் படம். மாடியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் தானே வானத்தைப் படமெடுத்து, தான் எங்கே பார்க்கிறோம் என்று கண்டுபிடித்து, கேட்டதைத் தேடிப் போகும். பத்துப் பத்து நொடிப் படங்களாக எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும். ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் சென்னை நகர வெளிச்சத்திலும் நிறத்தோடு எழுந்து வருகிறது. ஆறு அங்குலத்தில் கண்ணை ஒட்டிப் பார்த்தால் சாம்பல் புகைதான். அதை மறுக்க முடியாது.

ஆனால் நீங்கள் கேட்டது கிரகம். 250 மி.மீ. குவியத் தூரத்தில் வியாழன் கேமரா சில்லின் மேல் சுமார் 0.055 மி.மீ. அகலத்துக்கு விழும். அந்தச் சில்லில் ஒரு புள்ளி 2.9 மைக்ரான். ஆக வியாழன் மொத்தமே பத்தொன்பது புள்ளி அகலம். எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே பத்தொன்பதுதான்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒரு தகராறு. இது கிடைமட்டம், செங்குத்து என்று இரண்டு அச்சில் சுழல்வது. உச்சிக்குப் பக்கத்தில் போகும் எதையும் இந்த அமைப்பில் பின்தொடர்வது கடினம், படமும் வேகமாகச் சுழலும், பல படங்களைத் தானே தள்ளிவிடும். வடக்கே இருப்பவர்களுக்குக் கிரகமும் ராசி நட்சத்திரங்களும் உச்சிக்கு வருவதே இல்லை. நமக்குப் பாதி விஷயங்கள் உச்சி வழியாகத்தான் போகின்றன. அதனால் இலக்கு 70 டிகிரியைத் தாண்டும் முன்பே எடுத்துவிடுவேன், அல்லது இறங்கும்வரை காத்திருப்பேன்.

4 மார்ச் 2025

மேலே உள்ள தகராறு டாப்சோனியனுக்கும் உண்டு என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். உண்டு. குழாய் நேராக நின்றுவிட்டால் பக்கவாட்டில் தள்ளப் பிடிப்பே இருக்காது. டாப்சன் ஓட்டை என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். வியாழன் இந்தப் பருவத்தில் நம் உச்சிக்கு ஒன்பது டிகிரி வடக்கே கடக்கிறது. கடப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்போ பின்போ பார்த்தால் தொல்லை இல்லை.

அதே சமயம் இதுதான் நம் அதிர்ஷ்டமும். உயரத்தில் இருக்கும் கிரகத்தைப் பார்க்கக் குறைந்த காற்றே குறுக்கே வரும். 2019-இல் வியாழனும் சனியும் தெற்கே வெகுதூரம் இருந்தபோது லண்டன்காரர்களுக்கு அவை 16 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை. சென்னையில் 55. அவர்கள் காற்று பிரிக்கும் நிறங்களை ஒன்றுசேர்க்க ஏ.டி.சி. என்று ஒரு முப்பட்டகக் கருவி வாங்குவார்கள். நமக்கு அது தேவைப்படும் இரவு அபூர்வம். வீடியோ பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள்.

23 மார்ச் 2025

தொலைநோக்கி வந்துவிட்டது, ஆனால் முதல் நாளே கண்ணாடி முழுக்கப் பனி படிந்துவிட்டது, பழுதா என்று பையனின் அப்பா கேட்டிருக்கிறார்.

எங்கே வைத்திருந்தீர்கள்? படுக்கையறையில், ஏ.சி.யில். அதுதான். சென்னையின் ஈரத்துக்கு 24, 25 டிகிரியிலேயே நீர் படியத் தொடங்கிவிடும். 24 டிகிரி அறையில் குளிர்ந்த கண்ணாடியை மாடிக்குக் கொண்டுபோனால் வேறென்ன நடக்கும்? வெளிநாட்டுப் புத்தகங்கள், சூடான வீட்டிலிருந்து குளிரான தோட்டத்துக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆறவிடச் சொல்லும். நமக்கு அந்த அறிவுரை தலைகீழ். ஏ.சி. இல்லாத அறையில் வையுங்கள், ஆற வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது.

ஆற வேண்டியது குழாய் அல்ல, மாடி. பகல் முழுக்க வெயில் குடித்த தளம் இரவு பத்து, பதினொன்று வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் எழும் காற்றில் வியாழன் நெளியும். மாலையே நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிடுவது என் பழக்கம். வீட்டில் தண்ணீர் வீணாகிறது என்று திட்டு விழும். துணி துவைத்த தண்ணீராக இருந்தால் திட்டு குறையும்.

25 மார்ச் 2025

பூஞ்சை. இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். கடலோர ஊரில் ஐபீஸைப் பீரோவில் போட்டு ஒரு மழைக்காலம் மறந்துவிட்டால், எடுத்துப் பார்க்கும்போது கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி நூல் ஓடியிருக்கும். பிறகு போகாது, பூச்சையே தின்றுவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறியதும் சூடாக்கினால் மறுபடி பயன்படும். நீல நிறத்தது கோபால்ட் சேர்ந்தது, சமையல் வாணலியில் வறுக்காதீர்கள்.

அரிசியில் போட்டுவைக்கலாமா என்று கேட்டவருக்கு: தவிடும் பூச்சியும் சேர்ந்து வரும். வேண்டாம்.

பெரிய கண்ணாடியில் தூசி தெரிந்தால் துடைக்கத் துடிக்காதீர்கள். தூசி ஒன்றும் செய்யாது, துணிதான் கீறும்.

1 மே 2025

கோடை விடுமுறை. கரண்ட் கட். எனக்கு மட்டும்தான் அது மகிழ்ச்சி போலிருக்கிறது.

இந்த வாரம் இரவு ஒன்பதரை, பத்து மணிக்கு நேர் தெற்கே பாருங்கள். தென் சிலுவை நிற்கிறது. அதன் அடி நட்சத்திரம் சென்னையில் 14 டிகிரி வரை ஏறும். அதற்கு இடப்புறம் மேலே, சுமார் 29 டிகிரியில் ஒமேகா சென்டாரி. வானத்திலேயே பெரிய கோளக் கொத்து, உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டம். பைனாகுலரில் பஞ்சு உருண்டை, ஆறு அங்குலத்தில் ஓரங்களில் பொடிப் பொடியாக நட்சத்திரம் பிரியும். லண்டனில் இது உதிப்பதே இல்லை. வீடியோக்களில் "கட்டாயம் பார்க்க வேண்டியவை" பட்டியலில் இது இல்லாததற்குக் காரணம் அவ்வளவுதான். தெற்குப் பக்கம் மறைப்பில்லாத மாடி வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

விளக்கு வெளிச்சத்தை வெட்டும் வடிப்பான் வாங்கலாமா என்ற கேள்விக்கு: அவை பழைய சோடியம், பாதரச விளக்குகளின் குறிப்பிட்ட நிறங்களை வெட்டச் செய்தவை. தெருவெல்லாம் எல்.இ.டி. ஆன பிறகு வெட்ட ஒரு குறிப்பிட்ட நிறம் இல்லை, எல்லா நிறமும் கலந்து வருகிறது. நெபுலாவுக்கான குறுகிய ஓ3 வடிப்பான் இன்னும் வேலை செய்யும். விண்மீன் மண்டலங்களுக்கு எதுவும் உதவாது. ஜவ்வாது மலைக்கு வண்டி பிடிப்பதுதான் வடிப்பான். 2.34 மீட்டர் தொலைநோக்கியை அந்த மலையில் காவலூரில் கொண்டுபோய் வைத்தவர்களுக்கும் இருட்டுதான் தேவைப்பட்டது.

18 மே 2025

"நகரத்திலிருந்து பார்த்து என்ன பிரயோஜனம்?" என்று ஒருவர் எழுதியிருந்தார். கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல ஆசை.

நட்சத்திரப் பிரகாசத்துக்கு ஓர் அளவுமுறை இருக்கிறதே, ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று, அதை 1856-இல் முன்வைத்த நார்மன் பாக்சன் 1861-இல் மதராஸ் வானாய்வகத்துக்கு வந்தார். நுங்கம்பாக்கத்தில்தான் அது இருந்தது. வந்த வருடமே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். தெற்கே 63 டிகிரியில் இருப்பது அது. ஐரோப்பாவிலிருந்து பார்க்கவே முடியாது.

மாறும் விண்மீன் பார்க்க இருட்டு வானம் கட்டாயமில்லை. பக்கத்தில் உள்ள, அளவு தெரிந்த இரண்டு விண்மீன்களோடு ஒப்பிட்டு, இது இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம் என்று ஓர் எண் எழுத வேண்டும். ஒப்பீட்டு வரைபடங்களை ஏ.ஏ.வி.எஸ்.ஓ. என்ற அமெரிக்க அமைப்பு இலவசமாகத் தருகிறது. 1911-இலிருந்து இதைச் செய்துவருகிறார்கள், நாம் எழுதும் எண்ணையும் சேர்த்துக்கொள்வார்கள். திருவாதிரை நட்சத்திரம் 2020 பிப்ரவரியில் பாதிக்கு மேல் மங்கியபோது அதை வெறுங்கண்ணால் அளந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். நானும் ஒருவன், ரிகலோடும் ரோகிணியோடும் ஒப்பிட்டு எழுதினேன்.

இப்போது எல்லோரும் காத்திருப்பது டி கொரோனே பொரியாலிஸ். 1866-இலும் 1946-இலும் வெடித்துப் பத்தாம் அளவிலிருந்து இரண்டாம் அளவுக்கு எழுந்த விண்மீன். இன்னும் வெடிக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு நம் தலைக்கு மேல்தான் இருக்கிறது. மாடியில் துணி எடுக்கப் போனால்கூட ஒரு பார்வை பாருங்கள்.

6 செப்டம்பர் 2025

நாளை இரவு முழு சந்திர கிரகணம், நமக்கு முழுக்கத் தெரியும். நிழல் தொடுவது 9.57, முழுமை 11.01-இலிருந்து 12.22 வரை, விலகுவது 1.26. டெலஸ்கோப் தேவையில்லை, பைனாகுலர் போதும். கொசுவத்தியைக் காற்று போகும் பக்கம் வையுங்கள், புகை வில்லையில் படியும்.

9 நவம்பர் 2025

மழை விட்ட ஓர் இரவில் பையன் சனியைப் பார்த்திருக்கிறான். "வளையமே இல்லை, ஒரு கோடுதான் இருக்கிறது, மாமா ஏமாற்றிவிட்டார்" என்கிறானாம். அந்த மாமா நான்தான்.

டெலஸ்கோப்பில் பழுதில்லை தம்பி. சனியின் வளையத் தளத்தை மார்ச் 23-இல் பூமி கடந்தது. அப்போது சனி சூரியனுக்குப் பக்கத்தில் இருந்ததால் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இப்போது சாய்வு மறுபடி குறைந்து ஒரு டிகிரிக்குள் வந்திருக்கிறது, இந்த மாதக் கடைசியில் இன்னும் மெலியும். இதற்கு முன் இப்படி ஆனது 2009-இல். உன் அப்பா பார்த்திருக்க மாட்டார், கேட்டுப்பார். இனி வருடா வருடம் விரியும். 2032 வாக்கில் நீ வேலைக்குப் போகும்போது முழுக்க விரிந்திருக்கும்.

4 ஜனவரி 2026

வியாழன் வரும் 10-ஆம் தேதி சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. மறுபடி நம் உச்சிக்கு ஒன்பது டிகிரி வடக்கே. கோவைக்காரரும் யாழ்ப்பாணத்து அண்ணனும் படங்கள் அனுப்பியிருக்கிறார்கள், இரண்டும் அருமை. இப்போது பையனின் அப்பா கேட்கிறார், கேமரா வைக்கலாமா என்று. நான் இனிமேல் தடுக்கப் போவதில்லை.

கிரகத்தை ஒரு படமாக எடுப்பதில்லை, வீடியோவாக எடுத்து, ஆயிரக்கணக்கான சட்டங்களில், அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களில், காற்று அசையாத நொடியில் விழுந்த சிறு பங்கை மட்டும் பொறுக்கி அடுக்குவார்கள். பதிவுக்கு ஷார்ப்கேப் அல்லது ஃபயர்கேப்சர். பொறுக்கி அடுக்க ஆட்டோஸ்டாக்கர்ட். கூர்மைப்படுத்த ரெஜிஸ்டேக்ஸ். இவற்றை இலவசமாகவே பயன்படுத்தலாம். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால் ஒரு பதிவு இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் அதன் பட்டைகள் குழம்பும்.

டாப்சோனியனில் மோட்டார் இல்லையே என்கிறீர்கள். பரவாயில்லை. இரண்டு மடங்கு பார்லோ போட்டால் 2400 மி.மீ. ஆகிறது. 4.8 மி.மீ. அகலச் சில்லுள்ள சின்ன கேமராவில் வியாழன் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக அரை நிமிடம் ஆகும். குழாயை வியாழனுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள், அது தானாகக் கடக்கட்டும். மறுபடி முன்னால் நிறுத்துங்கள். பிப் என்ற இன்னொரு இலவச நிரல் எல்லாச் சட்டங்களிலும் கிரகத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, துண்டுகளை ஒரே வீடியோவாகச் சேர்த்துத் தரும்.

பத்து மீட்டர் யூ.எஸ்.பி. கேபிள் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள், வேண்டாம். யூ.எஸ்.பி. 3-க்கு மூன்று மீட்டரைத் தாண்டினால் சட்டங்கள் விடுபடத் தொடங்கும். கீழே அறையில் உட்கார்ந்து எடுக்கும் யோசனையை விட்டுவிட்டு, லேப்டாப்பை ஒரு ஸ்டூலில் மாடிக்கே கொண்டுபோங்கள். திரை வெளிச்சம் கண்ணை உறுத்தாமல் இருக்கச் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டினால் போதும்.